மேசைக்கடியில் மணி

அலுவலகத்துக்கு நாய்களைக் கூட்டி வரலாமா என்று கூட்டத்தில் கேட்டேன். 34 பேரில் 31 பேர் கையைத் தூக்கினார்கள். மீதி மூன்று பேரும் அந்த நேரத்தில் தொலைபேசியில் இருந்தார்கள். ஆக, எதிர்ப்பே இல்லை என்று கணக்குப் போட்டுக்கொண்டு அன்று மாலையே அனைவருக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். நான் செய்த முதல் தவறு அதுதான். அது தவறு என்று தெரியவே ஒரு மாதம் ஆனது.

அலுவலகத்தில் நிர்வாகப் பொறுப்பு என்னுடையது. நாற்காலி உடைந்தாலும் ஏசி ஒழுகினாலும் என்னிடம்தான் வருவார்கள். என் வீட்டில் மணி இருக்கிறான். நாலு வயது, கலப்பினம், ஒரு காது நிமிர்ந்தும் இன்னொன்று மடிந்தும் இருக்கும். வீட்டிலிருந்து வேலை பார்த்த காலத்தில் என் காலடியிலேயே கிடந்து பழகியவன். நான் மறுபடி அலுவலகம் போக ஆரம்பித்ததும் கதவைச் சுரண்டி மரத்தூளாக்கிவிட்டான். இதே கதை இன்னும் நாலைந்து பேர் வீட்டிலும். எனவே யோசனை என்னுடையது, தேவையும் என்னுடையது, வாக்கெடுப்பை நடத்தியதும் நானே. ஒரே ஆள் இந்த மூன்றையும் செய்தால் முடிவு எப்படி வரும் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

மேலிடத்தில் ஒப்புதல் வாங்குவது எளிதாக இருந்தது. அமேசானின் ஆரம்ப நாட்களில் ரூஃபஸ் என்ற கார்கி நாய் தினமும் அலுவலகம் வந்ததையும், கூகுள் தன் நடத்தை விதிகளிலேயே தன்னை நாய்களின் நிறுவனம் என்று எழுதிவைத்ததையும் சொன்னேன். கூடவே ஓர் ஆய்வு. வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தினர் வட கரோலினாவில் ஒரு நிறுவனத்தில் செய்து 2012இல் வெளியிட்டது. நாயோடு வேலைக்கு வந்தவர்களின் மன அழுத்தம் நாள் போகப்போகக் குறைந்தது, மற்றவர்களுக்கு ஏறியது என்று அதில் இருந்தது. இதை ஒரு ஸ்லைடில் போட்டேன், வேலை முடிந்தது.

முழு ஆய்வையும் பிற்பாடுதான் படித்தேன். குறைந்தது, ஊழியர்கள் தாங்களே சொன்ன மன அழுத்த அளவு. மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனை உமிழ்நீரில் பார்த்தபோது குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கலந்துகொண்டவர்களும் சில பத்துப் பேர்தான். அந்த நிறுவனமோ பல ஆண்டுகளாக நாய்களோடு வேலை பார்த்துப் பழகிய இடம். அதே ஆய்வில் இன்னொரு விஷயம் என் கண்ணில் படாமல் போயிருந்தது. நாயை வீட்டில் விட்டுவிட்டு வந்த நாட்களில் அதே ஆட்களின் அழுத்தமும் ஏறியிருக்கிறது. நாயைக் கூட்டி வருவதால் நன்மை பெறுவது பெரும்பாலும் அதன் சொந்தக்காரர் என்றுதான் எனக்கு அதிலிருந்து புரிகிறது. பக்கத்து மேசைக்காரருக்கு என்ன கிடைக்கிறது என்பது வேறு கேள்வி.

முதல் மூன்று வாரம் திருவிழாதான். மணியையும் சேர்த்து ஐந்து நாய்கள். ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டிராதவர்கள் நாயைச் சாக்கிட்டுப் பேசிக்கொண்டார்கள். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், அது உண்மை. ஆனால் எந்தத் திருவிழாவையும் முதல் மூன்று வாரத்தை வைத்து எடை போடக்கூடாது. அமெரிக்காவில் 1999 முதல் ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையை நாயை வேலைக்கு அழைத்து வரும் நாளாகக் கொண்டாடுகிறார்கள். ‘நாமும் ஒருநாள் முயன்று பார்த்தோம், நன்றாக இருந்தது’ என்று யாராவது சொன்னால், அது ஒருநாள் கூத்து என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் எவரும் பொறுத்துக்கொள்வார்கள்.

நாலாவது வாரம் காவலாளி என்னிடம் வந்து, கணக்குப் பிரிவு மேடத்துக்குத் தனிச் சாவி போட்டுக் கொடுக்கலாமா என்று கேட்டார். ஏன் என்றேன். தினமும் காலை ஏழரைக்கே வந்துவிடுகிறாராம், பூட்டைத் திறக்க இவர் ஓட வேண்டியிருக்கிறதாம். வேலை தொடங்குவது ஒன்பதரைக்கு. பிறகு கவனித்தேன். இரண்டு பெரிய பாட்டில்களில் வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டு வருகிறார். மதியம்வரை இருக்கையை விட்டு எழுவதில்லை. தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கும் கழிவறைக்கும் போக வேண்டுமானால் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். என் மேசைக்கடியில் மணி.

கூட்டத்தில் கை தூக்கிய 31 பேரில் அவரும் ஒருவர்.

தனியாகக் கேட்டபோது முதலில் ஒன்றும் இல்லை என்றார். பிறகு சொன்னார்: “எல்லாரும் கையைத் தூக்கினாங்க சார். நான் மட்டும் தூக்காம இருந்தா மறுநாள்லேர்ந்து எனக்கு நாய் பிடிக்காதவன்னு பேரு. நீங்களே நாய் வளர்க்கிறவரு, உங்ககிட்ட வந்து எப்படிச் சொல்றது?”

எட்டு வயதில் கடி வாங்கியிருக்கிறார். கடித்ததைவிட அதற்குப் பின் நடந்ததுதான் மனதில் நின்றுவிட்டது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி. இப்போது வெறிநாய்த் தடுப்பூசியைத் தோளில் சில தவணைகளோடு முடித்துவிடுகிறார்கள். அப்போது போட்டது நரம்புத் திசுவிலிருந்து தயாரித்த பழைய மருந்து, நாள்தோறும் வயிற்றில். “உங்க மணி ஒண்ணும் பண்ணாதுன்னு எனக்குத் தெரியும் சார். தெரிஞ்சு என்ன?” என்றார்.

‘எங்க நாய் ஒண்ணும் பண்ணாது.’ நாய் வளர்ப்பவர்கள் எல்லாரும் சொல்கிற வாக்கியம். நானும் நூறு முறை சொல்லியிருப்பேன். பயப்படுகிற ஒருவரிடம் அதைச் சொல்வது, உன் பயத்துக்கு அர்த்தமில்லை என்று சொல்வதற்குச் சமம்.

நாய்கள் வருவதை இரண்டு வாரத்துக்கு நிறுத்திவைத்து, முதலிலிருந்து தொடங்கினோம். இந்த முறை பெயர் எழுதாத சீட்டு. விருப்பம், ஆட்சேபணையில்லை, வேண்டாம் என மூன்று கட்டம். கீழே ஒரு வரி: ‘வேண்டாம் என்பதற்குக் காரணம் எழுதத் தேவையில்லை.’ இந்த வரியைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் தெரிந்தால்தானே தீர்வு சொல்லலாம் என்று வாதாடினேன். ஆனால் காரணம் கேட்டால் அது எடை போடப்படும். ஒவ்வாமை என்றால் மருத்துவச் சான்று எங்கே என்பார்கள். பயம் என்றால் பழகினால் போய்விடும் என்பார்கள். மத நம்பிக்கை என்றால் ஒரு சங்கடமான மௌனம். வெறுமனே பிடிக்கவில்லை என்றால் சிரிப்பு. பிடிக்கவில்லை என்பதும் போதுமான காரணம்தான், வேலை செய்யத்தான் அங்கே வருகிறோம்.

இன்னொன்றும் செய்தோம். முதல் முறை ஊழியர் பட்டியலில் உள்ளவர்களை மட்டும்தான் கேட்டிருந்தேன். ஒப்பந்தத்தில் வரும் துப்புரவுப் பணியாளர்களும் காவலாளிகளும் அந்தப் பட்டியலில் கிடையாது. அவர்கள் ஐந்து பேருக்கும் சீட்டு கொடுத்தோம். ஒரு சீட்டில் எந்தக் கட்டத்திலும் குறி இல்லை. குறுக்கே எழுதியிருந்தது: ‘மூத்திரத்தை யார் தொடைக்கிறது?’

இந்த மொத்த விவகாரத்தில் எழுந்த கேள்விகளிலேயே ஆகச் சிறந்தது அது. ஏனென்றால் அந்த மூன்று வாரத்தில் யார் துடைத்தார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. இப்போது விதி: நாயின் சொந்தக்காரர்தான் துடைக்க வேண்டும், எந்தக் கூட்டத்தில் இருந்தாலும் எழுந்து வந்து. அதற்கென்றே நொதி கலந்த துப்புரவுத் திரவம் ஓர் அலமாரியில் இருக்கிறது. அம்மோனியா கலந்த திரவம் போட்டுத் துடைத்தால் நாய்க்கு அதுவே சிறுநீர் வாடைபோல் தெரியும், மறுபடி அதே இடத்துக்கு வரும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தரையில் ரோமம் உறிஞ்சுவதும் சொந்தக்காரர்களின் முறை வேலை.

39 சீட்டில் ஏழு ‘வேண்டாம்’. ஏழு பேருக்காக மொத்தத்தையும் கைவிடுவதா, 32 பேருக்காக ஏழு பேரைச் சகிக்கச் சொல்வதா என்று இரண்டு நாள் சண்டை. தளத்தைப் பிரிப்பது என்று முடிவானது. பெரிய நிறுவனங்களுக்குக் கட்டடம் கட்டடமாக இடம் இருக்கிறது. எங்களிடம் இருந்தது ஒரே தளம், ஒரு சமையலறை, ஒரு லிஃப்ட். அதனால் நாய் எங்கே வரலாம் என்று வரையாமல், நாயைப் பார்க்காமலேயே ஒருவர் முழு நாளையும் கழிக்க முடியுமா என்று வாசலிலிருந்து நடந்து பார்த்தோம். லிஃப்ட், இருக்கை, தண்ணீர், கழிவறை, கூட்ட அறை, மறுபடி லிஃப்ட். இந்தப் பாதையில் எங்கும் நாய் குறுக்கிடக்கூடாது. என் மேசை உட்பட ஆறு மேசைகள் இடம்பெயர்ந்தன. நாய்ப்பகுதிக்குக் குழந்தைகளுக்கு வைப்பது போன்ற இடுப்புயரத் தடுப்புக் கதவு. லிஃப்டில் ஏற்கெனவே ஆள் இருந்தால் நாயோடு இருப்பவர் அது அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். ‘ஏறிக்கலாமா’ என்று கேட்கக்கூட வேண்டாம் என்று வைத்தோம். கேட்டால் யாரும் முடியாது என்று சொல்லப்போவதில்லை, கூட்டத்தில் கை தூக்கிய கதைதான் மறுபடியும்.

ஒவ்வாமைக்கு இடம் பிரிப்பது மட்டும் போதாது. நாயின் ரோமத்தால்தான் தும்மல் வருகிறது என்று நினைத்திருந்தேன். உமிழ்நீரிலும் தோலிலிருந்து உதிரும் நுண்ணிய செதில்களிலும் உள்ள புரதங்கள்தான் காரணம். அவை உடையில் ஒட்டிக்கொண்டு நாய் போகாத அறைக்கும் போகும், ஏசி குழாய் பொதுவாக இருந்தால் இன்னும் எளிதாக. ரோமம் உதிராத இனம் என்று விளம்பரம் செய்யப்படும் நாய்களும் இதே புரதங்களைச் சுமப்பவைதான். நாங்கள் நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் இரண்டு வாங்கினோம். தடித்த தரைவிரிப்பைத் தூக்கிவிட்டோம். ஆஸ்துமா உள்ள ஒருவருக்கு அதுவும் சரிவரவில்லை. ஆகவே அவர் வரும் திங்கள், செவ்வாய், புதனில் நாய்களுக்கு விடுமுறை. வியாழன், வெள்ளியில் மட்டும் நாய்கள். அவர் அந்த இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்வது ஏற்கெனவே இருந்த ஏற்பாடு. அப்படி இல்லாதிருந்தால், இந்தத் திட்டத்தையே கைவிட்டிருப்போம் என்றுதான் நினைக்கிறேன். (பார்வையற்றவர் போன்றோருக்கு உதவும் பயிற்சி பெற்ற துணைநாய் இந்தக் கணக்கில் வராது. அது வளர்ப்புப் பிராணி விவகாரமே இல்லை, அவருடைய உரிமை. இரண்டையும் ஒரே விதித்தாளில் போட்டுக் குழப்பாதீர்கள்.)

எந்த நாய் வரலாம் என்பதில் ஆரம்பத்தில் தடுப்பூசி அட்டை ஒன்றைத்தான் கேட்டோம். வெறிநோய், டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் தடுப்பூசிகளும் குடற்புழு மருந்தும் உண்ணி மருந்தும் அடிப்படை. நாய் பல இடங்களில் தங்கிப் பழகியதென்றால் நாய்க்கு நாய் தொற்றும் கென்னல் இருமலுக்கும் போட்டுவிடுவது நல்லது. ஆனால் அட்டை சுத்தமாக இருந்த ஒரு நாய்க்குட்டி முதல் நாளே மூன்று சார்ஜர் வயர்களைக் கடித்து முடித்தது. இப்போது ஒரு வயது நிரம்பியிருக்க வேண்டும், அந்த வீட்டில் ஆறு மாதமாவது இருந்திருக்க வேண்டும், இணைசேரும் பருவத்தில் இருக்கும் பெண்நாய் அந்த வாரங்களில் வரக்கூடாது. முதல் வருகை, ஊழியர்கள் போன பிறகு ஒரு மாலையில். பிரின்டர் ஓடும்போது, நாற்காலிச் சக்கரம் உருளும்போது, யாராவது சட்டென்று எழும்போது என்ன செய்கிறது என்று பார்ப்போம். நீளும் வகைக் கயிறு வேண்டாம், இரண்டு மீட்டருக்குள் சாதாரணக் கயிறு. வழவழத் தரையில் நாய்க்குக் கால் சறுக்கும், நடக்கிற பாதையில் ரப்பர் விரிப்பு போடுங்கள்.

சத்தம் எழுப்பும் பொம்மை, பந்து, கடிக்கும் எலும்பு எதுவும் வேண்டாம் என்பது ஒரு சண்டைக்குப் பிறகு வந்த விதி. தனித்தனியாகச் சாதுவாக இருந்த இரண்டு நாய்கள் ஒரு ரப்பர் எலும்புக்காக மேசைக்கடியில் மோதிக்கொண்டன. விலக்கப்போன சொந்தக்காரரின் கையில் பல் பட்டது. லேசான கீறல்தான். இருந்தாலும் சோப்பும் ஓடும் நீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவ வைத்து மருத்துவரிடம் அனுப்பினோம். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதே என்று அவர் மறுத்துப் பார்த்தார். அந்த முடிவை எடுக்க வேண்டியவர் மருத்துவர்தான், அலுவலகத்தில் யாரும் இல்லை.

ஆனால் என்னை உண்மையில் நடுங்க வைத்தது சண்டை அல்ல, ஒரு கைப்பை. தரையில் இருந்த கைப்பையிலிருந்து ஒரு லாப்ரடார் சர்க்கரையில்லாச் சூயிங் கம் பொட்டலத்தை இழுத்துத் தின்றுவிட்டது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். உறையைப் படித்துப் பார்த்த ஒருவர்தான் சைலிட்டால் என்று கண்டுபிடித்துச் சொன்னார். மனிதரிடம் இன்சுலினை அப்படித் தூண்டாத அந்த இனிப்பு, நாயின் உடலில் இன்சுலினை மளமளவென்று சுரக்கவைக்கும். ரத்தச் சர்க்கரை அரை மணி, ஒரு மணி நேரத்தில் சரிந்துவிடலாம், கல்லீரலும் பழுதாகலாம். கால்நடை மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தபோது அது தள்ளாட ஆரம்பித்திருந்தது. குளுக்கோஸ் ஏற்றி இரவு முழுக்க வைத்துப் பார்த்து அனுப்பினார்கள், பிழைத்துக்கொண்டது. சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், மக்கடேமியா கொட்டை எல்லாமே நாய்க்கு ஆகாதவை. இவற்றில் பலவும் அலுவலக இழுப்பறைகளில் சர்வசாதாரணமாகக் கிடப்பவை. இப்போது நாய்ப்பகுதியில் எல்லாக் குப்பைத்தொட்டிக்கும் மூடி, பைகளைக் கொக்கியில் மாட்ட வேண்டும், அருகிலுள்ள கால்நடை மருத்துவரின் எண் சுவரில்.

கட்டட உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவலும் முன்கூட்டியே வேண்டும். நாங்கள் பின்கூட்டித்தான் செய்தோம், சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

மூன்று பேர் கொண்ட குழு ஒன்று அனுமதியைக் கொடுக்கும், ரத்து செய்யும். அதில் ஒருவர் ‘வேண்டாம்’ எழுதியவர்களில் இருந்துதான் வர வேண்டும் என்று வைத்தோம். புகார்கள் குழுவுக்குத்தான் போகும், நாயின் சொந்தக்காரரிடம் போகாது. புகார் சொன்னவர் பெயர் வெளியே வராது. கணக்குப் பிரிவு மேடம் தானாக முன்வந்து அந்த இடத்தை எடுத்துக்கொண்டார். கதை என்றால், அவர் மெல்ல மெல்ல மணியோடு பழகி ஒருநாள் தடவிக்கொடுத்தார் என்று எழுதலாம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பதரைக்கு வருகிறார், ஒரே ஒரு பாட்டில் கொண்டு வருகிறார், அவ்வளவுதான். விதிமீறலைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு நிகர் யாரும் இல்லை.

மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவன் அலுவலகத்தில் சமர்த்து என்று எல்லாரும் சொல்வார்கள். குரைக்க மாட்டான், யார் தடவினாலும் அசைய மாட்டான், அடிக்கடி கொட்டாவி விடுவான். சோம்பேறி என்று செல்லமாகக் கிண்டல் செய்வோம். லாப்ரடார் விவகாரத்துக்குப் பிறகு நாய்ப்பகுதியைப் பார்த்துப் போக வந்த ஒரு பயிற்றுநர், மணியின் பக்கத்தில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார்: “இவன் வீட்டுல பகல்ல எவ்வளவு நேரம் தூங்குவான்?”

பகலில் பாதிக்கு மேல் தூங்குவான். வளர்ந்த நாய் பொதுவாக ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம்போலத் தூங்கும்.

“இங்கே?”

யோசித்துப் பார்த்தேன். இங்கே அவன் தூங்கி நான் பார்த்ததே இல்லை. கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருப்பான். யாராவது குனிந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான், உதட்டை நக்குவான், கொட்டாவி விடுவான். அவர்கள் போனதும் நனைந்தவன்போல உடம்பை உதறுவான். ஏசி ஓடும்போதும் மூச்சிரைக்கும். தூக்கம் வந்து விடுகிற கொட்டாவி இல்லை அது, தள்ளிப் போ என்று சொல்கிற கொட்டாவி. 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் போகும் கீச்சொலி நமக்குக் கேட்பதில்லை. நாய் 40,000ஐத் தாண்டியும் கேட்கும். எங்களுக்கு அமைதியாக இருந்த அந்தத் தளம் அவனுக்கு எப்படிக் கேட்டதோ. 39 பேரிடம் சீட்டு கொடுத்து வேண்டாம் என்று சொல்ல வழி செய்த நான், ஒரு வருடமாக அவன் சொல்லிக்கொண்டிருந்ததைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கதவைச் சுரண்டியது தனிமையில்தான். அதற்கு மருந்து ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று பிரிவைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிப் பழக்குவது. இரண்டு மாதம் பிடித்தது. அலுவலகத்துக்குக் கூட்டி வந்ததால் அந்தப் பிரச்சினை தீரவில்லை, தள்ளிப்போடப்பட்டது என்பதும் அப்போதுதான் புரிந்தது. மதியம் ஒருவர் வந்து நடக்கக் கூட்டிப்போகிறார். நான் சாயங்காலம் போகும்போது தூங்கி எழுந்த முகத்தோடு வந்து நிற்கிறான்.

மற்ற நான்கில் மூன்று நாய்கள் இன்னும் வருகின்றன. அவை மதியத்தில் குறட்டை விடுகின்றன, பயிற்றுநர் பார்த்துச் சரி என்றார்.

மணியின் அனுமதியை ரத்து செய்யும் படிவத்தை நானே நிரப்பிக் குழுவிடம் கொடுத்தேன். மேடம் வாங்கி, பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன்.

“காரணம் எழுதணுமா மேடம்?”

“தேவையில்லைன்னு நீங்கதானே சார் விதி போட்டீங்க” என்று சொல்லி முத்திரையை எடுத்தார்.